முதலாளி குடிச்சாரா?

"அப்பா இன்னும் சாப்பிடலையா அண்ணி?"

அப்பாவைப் பார்க்க வந்திருந்த மகள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். அண்ணி திரும்பவில்லை. துணி போட்டு மூடிய கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். துணியின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை உள்ளே நீட்டினாள்.

புஸ்... புஸ்... புஸ்...

"முதல்ல இவர் குடிக்கட்டும்மா. நீ உட்காரு. பஸ்ல கூட்டமா?"

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் அப்பாவின் தட்டு மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது.

கூண்டில் இருப்பது அப்பாவின் பச்சோந்தி. அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதியவர். கை நடுங்க ஆரம்பித்துத் தூரிகையைக் கீழே வைத்த பிறகு அவருக்குப் பேச்சுத் துணை அதுதான். 'முதலாளி' என்று பேர் வைத்தார்.

"ஒரு கண்ணு வேலை மேல, ஒரு கண்ணு நம்ம மேல. வேற என்ன பேரும்மா பொருந்தும்?" என்பார்.

இப்போது இரண்டு பேருமே படுத்துவிட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அப்பா உள் அறைக் கட்டிலோடு சரி. அதே சமயத்தில் முதலாளிக்கும் சிறுநீரகம் கெட்டுப்போனது. பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தது.

"கிண்ணத்துல வச்சா குடிக்காது. இலையில தெளிச்சாத்தான் நக்கிக் குடிக்கும். ஆளைப் பார்த்தாலே மிரளும், மூடியே வைங்க" என்று சொல்லி, சொட்டு மருந்து கொடுத்திருந்தார் கால்நடை டாக்டர்.

அன்றிலிருந்து எப்போது போன் செய்தாலும் அண்ணியிடம் ஒரே பதில்தான். "முதலாளிக்கு மருந்து கொடுத்துட்டுக் கூப்பிடறேம்மா."

"மனுஷன் பட்டினி கிடக்காரு. ஓணானுக்கு உபசாரமா அண்ணி?"

"அப்படிச் சொல்லாதேம்மா."

"வேற எப்படிச் சொல்ல? கண்ணாடியில உங்க முகத்தைப் பார்த்தீங்களா? எலும்பும் தோலுமா நிக்கிறீங்க. இதுக்குப் பின்னாடியே ஓடினா அப்பாவை யார் பார்க்கிறது?"

மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. முதலாளியின் தீனிக்காகக் குட்டியாக வாங்கி வைத்த சுவர்க்கோழிப் பூச்சிகள் உள்ளே கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

"இந்தக் கச்சேரி வேற. அப்பா எப்படித் தூங்குவாரு?"

"இருக்கட்டும்மா. அந்தச் சத்தம் கேட்டா மாமாவுக்கு ஒரு தைரியம்."

"போதும் அண்ணி. அண்ணன் வேலை விட்டு வரட்டும். அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். அங்க வேளைக்குச் சோறாவது கிடைக்கும்."

அண்ணியின் கை அப்படியே நின்றது.

உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "முதலாளி தண்ணி குடிச்சாராம்மா?"

"குடிச்சாரு மாமா. ரெண்டு பூச்சி கூட எடுத்துக்கிட்டாரு."

"அப்போ எனக்கும் கொண்டா."

மகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்க் கூண்டின் மேலிருந்த துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே ஒரு மரக்கொம்பு. நனைந்து சொட்டும் இலைகள். வேறு ஒன்றுமில்லை.

அண்ணி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"போயிடுச்சும்மா" என்றாள், காற்று மாதிரியான குரலில். "ஒரு நாள் காலையில மருந்து கொடுக்கப் போனேன். கொம்பைப் பிடிச்ச பிடி விடல, உயிர் மட்டும் இல்ல. பின்னால பூச்செடிக்குக் கீழே நான்தான் புதைச்சேன்."

"எப்போ?"

"ஆச்சு, ரொம்ப நாளாச்சு. அது சாப்பிடாத நாள்ல மாமாவும் வாயைத் திறக்க மாட்டாரும்மா. முதலாளி போனா நானும் பின்னாலயே கிளம்பிடுவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டாத்தான் சாப்பிடறாரு. எனக்கு வேற வழி தெரியல."

திருடும்போது பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மகள் துணியை எடுத்தாள். கூண்டை முன்பு போலவே மூடி, ஓரங்களை ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள்.

"தட்டைக் கொடுங்க அண்ணி. நான் ஊட்டறேன்."

அப்பா முதல் வாயை வாங்கி மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு கண்ணாலேயே கதவைக் காட்டினார்.

"அதைச் சாத்தும்மா."

சாத்தினாள்.

"அந்தப் பூச்சிச் சத்தம் கேக்குதா?"

"தொந்தரவா இருக்காப்பா? வெளியில வைக்கச் சொல்றேன்."

"வேணாம், வேணாம்." அப்பா கூரையைப் பார்த்தார். "குட்டிப் பூச்சி கத்தாதும்மா. வளர்ந்து இறக்கை முளைச்சாத்தான் கத்தும். சீக்குல கிடந்தப்பவும் முதலாளி ஒண்ணையும் அந்த அளவுக்கு வளர விட்டதில்ல."

மகளின் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

அப்பாவின் கண்ணோரம் நனைந்திருந்தது. ஆனாலும் அடுத்த வாய்க்கு அவரே கழுத்தை நீட்டினார்.

"அண்ணிகிட்ட மூச்சு விடாதே. என்னைக் கூட்டிக்கிட்டும் போயிடாதே. நான் சாப்பிட்டேன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிடுது."