வேறு வீட்டு டப்பா

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் மகளின் பள்ளிப் பையைத் திறந்தாள்.

முதலில் மோந்து பார்த்தாள்.

எண்ணெய் வாசம் இல்லை. மசாலா வாசம் இல்லை. பக்க அறைகளில் விரலை விட்டுத் துழாவினாள். சிப்ஸ் துணுக்கோ மிட்டாய்த் தாளோ தட்டுப்படவில்லை.

அடியில், விளையாட்டுச் சீருடைக்குள் சுருட்டி, ஒரு எவர்சில்வர் டப்பா.

இவர்கள் வீட்டு டப்பா இல்லை. மூடியில் 'ஜெசிந்தா' என்று பெயர் வெட்டியிருந்தது. மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்.

திறந்தாள்.

ஓரத்தில் நாலு பருக்கை. காய்ந்த பருப்பு. முட்டை மஞ்சள்கருத் துணுக்கு.

முட்டையை ஆடியிலேயே நிறுத்தியாயிற்று.

மகளுக்குப் பெருங்குடலில் புண் என்று தெரிந்து எட்டு மாதம். "மாத்திரைதான் முக்கியம்மா. சாப்பாட்டுல எது ஒத்துக்கலையோ அதை மட்டும் நிறுத்துங்க" என்றார் டாக்டர். அவள் காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது. முதலில் பால். பிறகு காரம், கிழங்கு, பழம், பருப்பு. மலத்தில் ரத்தம் தெரிந்த ஒவ்வொரு நாளும், முந்தின நாள் தட்டில் இருந்த ஏதோ ஒன்றின் மேல் சந்தேகம் போயிற்று.

மிஞ்சியது கஞ்சி.

இரண்டு வாரமாக ரத்தம் இல்லை. கஞ்சிதான் காப்பாற்றியது என்று நேற்றுகூட அக்காவிடம் போனில் சொல்லியிருந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மகள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். தாயின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"நான் குடுத்து விடுற கஞ்சி?"

"ஜெசிந்தா குடிச்சிருவா."

அவள் டப்பாவை அழுத்தி மூடினாள்.

"மாத்திரையை ஒரு வேளைகூட விடலைம்மா. வயிறும் வலிக்கலை."

பொய்யாக இருக்கும்.

மகளின் முகத்தில் தேடினாள். கண் இமையைக் கீழே இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வயிற்றில் கை வைத்து அழுத்தினாள். மகள் முகம் சுளிக்கவில்லை.

கையை எடுக்கும்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன.

எட்டு மாதமாக, காலையும் மாலையும், அவள் கேட்டது ஒரே கேள்வி. வலிக்குதா?

"பசிக்குதாடி?" என்றாள்.

மகள் தலையைக்கூடத் துவட்டாமல் அடுக்களைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.