நெற்றித் தழும்பு

சாய்வான கண்ணாடியின் மேல் நெகட்டிவ் கிடக்கிறது. மட்டாஞ்சேரி ஸ்டூடியோவின் காலை வெயில், மிளகுக் கிடங்கின் நெடியோடு வந்து அதன் ஊடே ஒளிர்கிறது. நட்சத்திர உலகில் நடக்கும் ஒரு மேடை நாடகத்தின் விளம்பரப் படம் அது. வெள்ளுடை வீரன், கறுப்புடை அரசன், ஒரே படத்தில் இருமுறை பதித்த இரண்டு வேடமும், ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்தும் ஓமனாவின் கணவன் பாலையாதான். நெகட்டிவில் வீரன் கறுத்தும் அரசன் வெளுத்தும் நிற்கிறார்கள். இரண்டு நெற்றியிலும் அதே தழும்பு. “வீரனுக்கு மட்டும் அதை அழிச்சுடு, ஓமனா. மத்தவனுக்கு இருக்கட்டும். பாத்தாலே துஷ்டன்னு தெரியணும்” என்கிறார் நாடகக்காரர் ராமபத்ரன். ஊசியாய்ச் சீவிய பென்சிலால் ஓமனா வீரனின் தழும்பை, அச்சில் தெரியாதபடி, புள்ளி புள்ளியாக நிரப்புகிறாள். போன ஓணத்தன்று அவள் வீசிய வெண்கலத் தம்ளர் பட்ட இடம். ரத்தம் வழிய நின்ற பாலையா, கேட்டவர்களிடம் படகுத்துறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். நிரப்பி முடித்த பென்சில் அரசனின் நெற்றிக்கு நகர்கிறது. “அவனுக்கு வேண்டாம்னேனே” என்கிறார் ராமபத்ரன். ஓமனா தலை நிமிரவில்லை. அரசனின் நெற்றியில் முதல் புள்ளி விழுகிறது. “இதைச் செஞ்ச ஆளு இந்தப் படத்திலே இல்லே, சாரே.”