பேசக் கூடாத பள்ளிக்கூடம்

"எதுவா இருந்தாலும் இந்த நோட்டுல எழுதிடுங்க மேடம். இங்க எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

மாவட்டக் கல்வி அலுவலர் சுகன்யா மேரிக்குச் சுர்ரென்று ஏறியது. விசாரிக்க வந்த அதிகாரியிடமே நோட்டை நீட்டுகிறாரே, இந்தத் தலைமையாசிரியருக்கு எவ்வளவு தைரியம்!

சுகன்யா மேரி வந்ததே இந்த நோட்டுக்காகத்தான். 'எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரிடம் யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. எதையும் நோட்டில் எழுதித்தான் நீட்ட வேண்டும்' என்று பெயர் போடாத கடிதம் ஒன்று அரியலூர் ஆபீசுக்கு வந்திருந்தது.

ஆசிரியர்களும் அதிகாரிகளும் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று மாதா மாதம் கூட்டம் போட்டுத் தொண்டை வற்றியவர் சுகன்யா மேரி. அவருடைய மாவட்டத்திலேயே, கீழப்பழுவூர் தாண்டி இப்படி ஒரு பள்ளிக்கூடமா? மெமோவை டைப் அடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் ஜீப் ஏறினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தலைமையாசிரியர் மரிய ஆல்பர்ட் பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தார். இந்த மனுஷனா இத்தனை பேர் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்?

சுகன்யா மேரி எதுவும் எழுதவில்லை. நோட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்து புரட்டினார்.

'சார், மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. - வளர்மதி.'

'சார், இடி பலமா இடிக்குது. பசங்களை வகுப்புக்குள்ள வரச் சொல்லட்டுமா?'

'சார், நேத்து நீங்க அஞ்சாவது புள்ளையைத் திட்டுனது ரொம்ப அதிகம். அவ மேல தப்பு இல்ல. - சமையல் கொளஞ்சியம்மாள்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில், 'என் தப்புதான். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்' என்று இருந்தது.

சுகன்யா மேரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலதிகாரியின் தப்பைச் சமையல்கார அம்மா இப்படிப் பட்டென்று எழுதுகிறார். பயந்து கிடக்கிற இடம் மாதிரித் தெரியவில்லை. சரி, அதுதான் போகட்டும். மணி அடித்ததையும் இடி இடித்ததையுமா ஒருவருக்கு எழுதிக் காட்ட வேண்டும்?

ஆசிரியர்கள் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லுங்க. உங்க ஹெச்.எம். உங்களைப் பேச வுடுறதில்லையாமே?"

"எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க மேடம்" என்றார் மூத்த ஆசிரியை வளர்மதி. இரண்டு பேர் வேகமாகத் தலையாட்டினார்கள். ஜூன் மாதம் புதிதாக வந்த ஜெயப்பிரகாஷ் மட்டும் தரையைப் பார்த்தார்.

"இப்படித்தான் எல்லா ஊர்லயும் சொல்றீங்க. உங்களுக்காகப் பேச வந்தா எங்கிட்டயே மறைக்கிறீங்க" என்று சலித்துக்கொண்ட சுகன்யா மேரி, மெமோவை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஐயோ மேடம், வேணாங்க!" வளர்மதி ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார். "சாருக்குக் காது கேக்காதுங்க."

பேனா அப்படியே நின்றது.

"ரெண்டு வருஷமாச்சுங்க. ஒரு நாளு பசங்க என்னமோ கேக்க, சார் சம்பந்தமே இல்லாம பதில் சொல்லிட்டாரு. கிளாஸே சிரிச்சுருச்சு. மறுநாளு இந்த நோட்டோட வந்தாரு. இனிமே எல்லாம் எழுத்துலதான்னு மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு சொல்லிட்டாரு. செவுடுன்னு பேரு வாங்குறதுக்கு, கண்டிப்பான ஆளுன்னு பேரு வாங்கிக்கலாம்னு நெனச்சுட்டாரு போல. நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம்."

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்கு..."

"தெரியாதுங்க. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. இந்த மெமோ விஷயம் வெளில வந்தா எல்லாமே வெளில வந்துடுங்க மேடம்."

ஜெயப்பிரகாஷுக்கு முகம் வெளிறிப் போனது. "எங்கிட்ட யாருமே சொல்லலியே டீச்சர்! நான்தான் மேடம் அந்த லெட்டரை..."

"உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல சார்" என்றார் வளர்மதி சங்கடத்தோடு. "எங்களுக்குப் பழகிப் போச்சு. புதுசா வந்தவருக்குச் சொல்லணும்னே தோணாமப் போயிடுச்சு."

சுகன்யா மேரி மெமோவை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மனம் விட்டுப் பேசுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறோமே, பேசாமல் இருந்தே ஒரு மனுஷனைத் தாங்கிப் பிடிக்கிறார்களே இவர்கள்!

நோட்டோடு தலைமையாசிரியரின் அறைக்குத் திரும்பினார். இந்தத் தடவை மரிய ஆல்பர்ட் சொல்லாமலேயே நோட்டை விரித்து, 'பள்ளி நன்றாக நடக்கிறது. போய் வருகிறேன்' என்று எழுதி நீட்டினார். அவர் படித்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

வாசலைத் தாண்டும்போது சுகன்யா மேரியின் வாய் தானாக முணுமுணுத்தது.

"பாவம், இவங்க நடிக்கிறது மட்டும் இவருக்குத் தெரிஞ்சுடக் கூடாது."

"தெரியும் மேடம்."

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினார். மரிய ஆல்பர்ட் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காட்டினார். காதுக்குள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு மெஷின்.

"திருச்சியில வாங்கி ஒரு வருஷம் ஆகுது. நல்லாவே கேக்குதுங்க. இவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"அப்புறம் எதுக்கு சார் இன்னும் இந்த நோட்டு?"

மரிய ஆல்பர்ட் கூச்சத்தோடு சிரித்தார்.

"காது நல்லா கேட்டுக்கிட்டு இருந்த பதினஞ்சு வருஷத்துல, எங்கிட்ட ஒருத்தரும் இப்படி மனசு வுட்டுச் சொன்னதில்லைங்க மேடம்."