வரியில்லாத மிளகு

"இலங்கை மிளகு வரியில்லாம வந்து எறங்குதுங்க. இந்த வெலைக்கு நம்ம மலை மிளகை எவன் வாங்குவான்?"

வியாபாரி பழனிக்குமார் சொன்னதும் திருமலைச்சாமிக்குச் சுருக்கென்றது. தாண்டிக்குடியிலிருந்து பன்னிரண்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றி, வெள்ளனே கொடைக்கானல் வந்திருக்கிறார். விற்காவிட்டால் கொடிகளை அறுத்துவிட்டுத் தோட்டத்தை ரிசார்ட்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

"சின்ன நாடு பொழைக்கட்டும்னு சலுகை குடுக்காக. சரி, நாங்க எங்க போய்ப் பொழைக்க?"

"என்னைய வைஞ்சு என்ன செய்ய? டெல்லிக்கு மனுப் போடுங்க."

"எழுதியாச்சு! நூத்தியிருவது பேரு கையெழுத்து. இன்னைக்குத் தபால்ல சேத்துருவேன்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

பழனிக்குமார் திருமலைச்சாமியின் மூட்டை ஒன்றில் கையை விட்டுப் பார்த்தார். சிவப்பு நூல் சுற்றிய லவங்கப்பட்டைத் துண்டு ஒன்று வந்தது.

"அதென்னங்க, உங்க மூட்டையில மட்டும் இது எப்பவும் கெடக்கு? இந்த மலையில வேற யாரும் போட்டுப் பாத்ததில்லையே."

"வண்டு அண்டாது. எங்கம்மா பழக்கம். நூல்ல அஞ்சு முடிச்சு இருக்கும் பாருங்க. பெத்த புள்ளைக அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு." பேச்சை மாற்றினார். "அந்த இலங்கை மிளகைத்தான் கண்ணுல காட்டுங்களேன்."

நேற்று வந்த மூட்டை. தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு அள்ளினார் திருமலைச்சாமி. கருகருவென்று, ஒன்றுகூடச் சூம்பல் இல்லை. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"அடேயப்பா! என்னமா காயவச்சிருக்காக! நானெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்க முடியாதுய்யா!"

ஆசையாய் மறுபடி கையை விட்டார். ஏதோ தட்டியது. வெளியே எடுத்தார்.

சிவப்பு நூல் சுற்றிய லவங்கப்பட்டைத் துண்டு.

"என்னங்க இது? உங்க மூட்டையில கெடந்தது இதுல விழுந்துருச்சா?"

"இப்பத்தானய்யா தையலப் பிரிச்சேன்..." திருமலைச்சாமி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நூலிலிருந்த முடிச்சுகளை எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

"உக்காந்துட்டீங்களே, மனுவைத் தபால்ல சேக்க வேண்டாமா?"

"அதைப் பொறகு பாப்போம். இந்த மூட்டை எந்த ஊர்ல கட்டுனதுன்னு வெரசா கேட்டுச் சொல்லுங்க."

"ஏங்க, என்னாச்சு?"

"நான் அங்கதான் பொறந்தேன், கண்டிப் பக்கம். குடியுரிமை இல்லேன்னு எட்டு வயசுல எங்களக் கப்பலேத்தி விட்டாக. அத்தானுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருந்ததால மூத்தக்கா மட்டும் நின்னுருச்சு. கலவரத்துக்கு அப்பறம் கடுதாசியே இல்ல. செத்துப்போச்சுன்னு வருசாவருசம் படையல் போடுறோம்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அஞ்சு முடிச்சுங்க! எங்கக்கா உசுரோட இருக்கு... இன்னமும் என்னையும் சேத்துத்தான் முடிஞ்சுக்கிட்டு இருக்கு!"