மாத்திரைக்குப் பதில் ஊசி

“அப்பாவுக்கு மறதி ஜாஸ்தி டாக்டர். தினம் காலையில நான் ஓடி வந்து மாத்திரையைக் கையில கொடுத்தாத்தான் உண்டு. இதுக்கு ஏதோ ஊசி வந்திருக்காமே?” என்றாள் மகள்.

“இருக்கே. மருந்தைப் பொடிப்பொடி உருண்டையில வச்சிருப்பாங்க. அந்த உருண்டை உடம்புக்குள்ள மெல்ல மெல்லக் கரையக் கரைய மருந்து வெளியே வரும். ஆறு மாசத்துக்கு மாத்திரையே வேண்டாம்.”

“எனக்கு மாத்திரையே போதும்மா,” என்றார் அப்பா.

“சும்மா இருங்கப்பா, உங்க நல்லதுக்குத்தானே!”

ஊசி போட்டாயிற்று. மகள் வண்டி பிடிக்க வாசலுக்குப் போனாள்.

“இதுவரைக்கும் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க தாத்தா?” என்று நர்ஸ் கேட்டாள். பெயர், அளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா எல்லாவற்றையும் அவர் கடகடவென்று ஒப்பித்தார்.

“மறதின்னு சொன்னாங்க?”

“மறந்தாத்தானேம்மா அவ வருவா? சொல்லிக்கில்லி வச்சிடாதே.”

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. வாசலுக்கே போய் மகளிடம் சொன்னாள். “உங்கப்பாவுக்கு மறதியே இல்லைங்க. தினம் உங்களைப் பார்க்கணும்னுதான் அப்படி நடிச்சிருக்கார்.”

மகள் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் சிஸ்டர். அதனாலதான் ஊசி போடச் சொன்னேன்.”