அழித்த புள்ளிகள்

"அது வெறும் தடுமாற்றம்மா. செயற்கைக்கோள் கணக்கு தினமும் கொஞ்சம் அப்படி இப்படி ஆடத்தான் செய்யும், நான் சொல்றத முழுசா..."

"ஆடுனா நாலு பக்கமும் ஆடணும்ல சார், நீங்க மொதல்ல இதப் பாருங்க."

பிலோமினா வரைதாளை மேசையில் விரித்தாள். மலைச்சரிவில் நட்ட கம்பம் நகர்கிறதா என்று செயற்கைக்கோள் வழியாகத் தினமும் அளந்து பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலை. ரொம்ப விலகி விழும் புள்ளியைப் பிழை என்று அழித்துவிடுவார் பொறியாளர் மகுடபதி. அழித்ததையெல்லாம் அவள் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

"ஜூன்லருந்து பதினேழு சார். ஒண்ணுகூட மேல ஏறல. எல்லாம் எங்க லைன் வீடுகளப் பாத்தே இறங்குது."

சரிவின் அடியில் வரிசையாக நாற்பது தொழிலாளர் வீடுகள்; அவளுடையதும் அதில் ஒன்று. மூன்று நாளாக விடாத மழை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் காலி செய்யச் சொல்வார்கள்.

"போன வருசம் காலி பண்ணச் சொன்னேன். ஒண்ணும் ஆகல. ஊரே சிரிச்சுச்சு."

"சிரிக்கட்டும் சார். சிரிக்கறதுக்கு ஆளு இருக்கட்டும்."

கணினியில் அன்றைய அளவு வந்தது. அழிக்கும் பொத்தானுக்குப் பழக்கத்தில் போன அவர் விரல் அங்கேயே நின்றது. அவள் எண்ணைப் பார்த்து, வரைதாளின் கட்டங்களை எண்ணிக்கொண்டே பென்சிலைக் கீழே இறக்கினாள். பென்சில் தாளின் அடி ஓரத்தைத் தாண்டி மேசைமேல் போய் நின்றது.

"தாள்ல எடமில்ல சார். இத எங்க வெக்கட்டும்?"