மூன்றாவது ஜோடி பல்பு

சாவியைக் கொடுத்த கையோடு அந்தப் பெரியவர் பட்டறைக் குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். விரல் விரலாகத் தேய்த்து, இடுக்கையெல்லாம் அலசி, முழங்கை வரை சோப்புப் போட்டார். அப்படி எதைக் கழுவுகிறார் இந்த மனுஷர் என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இல்லாமல் இல்லை. போன வாரம் அடுத்த தெரு முனையில் சைக்கிளில் போன ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு கார் நிற்காமல் போயிருந்தது. இந்தக் காரின் இடதுபக்க பம்பர் உள்வாங்கிக் கிடந்தது. பத்து நாளுக்கு முன் இதே கார் வந்தபோது அந்த அடி இல்லை.

"ஹெட்லைட் பல்பு ரெண்டையும் மாத்திடு தம்பி. வைப்பர் பிளேடையும் மாத்திடு. நாளைக்குக் காலையில நான் சீக்கிரம் கிளம்பணும்" என்றார் பெரியவர், ஈரக் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி. ஒரே மாதத்தில் இது மூன்றாவது ஜோடி.

மெக்கானிக்குக்கு இன்றைக்கு இது வேண்டாத தலைவலி. நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி எடுக்கப்போகிறார்கள். மெக்கானிக்குக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்பதால் டாக்டரைப் பார்ப்பது முதல் மருந்து வாங்குவது வரை எல்லாம் மச்சினிதான். பட்டறையைச் சாத்திவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிறவள் இரண்டு நாளாகப் பேசவே இல்லை, அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

பானெட்டைத் திறந்து பழைய பல்புகளைக் கழற்றினார். கம்பி அறுந்துபோகவில்லை, கண்ணாடி கறுக்கவில்லை. பிளேடின் ரப்பரும் நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. நல்ல சாமானை எதற்கு மாற்றச் சொல்கிறார்? தடயம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பயந்துதானே? மெக்கானிக் வண்டி எண்ணை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

புதுப் பல்பைத் துணியால் பிடித்துப் பொருத்தும்போது பெரியவர் பின்னாலேயே வந்து நின்றார். "வெறுங்கை படாம மாட்டுற. நல்ல பழக்கம் தம்பி" என்றார். பாராட்டுதான். ஆனாலும் கைரேகையை நினைத்துச் சொல்கிறாரோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எதிர்ப் பள்ளிக்கூடம் விட இன்னும் பத்து நிமிடம்தான். மெக்கானிக் கார்க் கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பெரியவரை உள்ளே உட்கார்ந்து வைப்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிளேடு இரண்டு வீச்சில் கண்ணாடியைத் துடைத்துப் பளிங்காக்கியது.

பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் புகை படிந்த மாதிரியே இருக்கிறது என்றார். "அந்தப் பக்க ஜன்னல் கண்ணாடியையும் கொஞ்சம் துடைச்சு விடு. அதுலயும் ஒண்ணும் தெரியல."

மெக்கானிக் சுற்றிக்கொண்டு இடது கதவுக்கு வந்து துணியை நீட்டினார். துணியும் கையும் காருக்குள் போயின. அந்தக் கண்ணாடி முழுக்க இறங்கியே இருந்தது.

அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மறுபடி சுற்றி வந்து, பெரியவர் பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பம்பர் எப்படி நசுங்கியது என்று நேராகவே கேட்டுவிட்டார்.

தன் வீட்டு கேட் தூணில்தான் இடித்ததாகப் பெரியவர் சொன்னார். தூண் எப்போது பக்கத்தில் வந்தது என்றே தெரியவில்லையாம். பொய் சொல்கிற குரலாக அது இல்லை.

"சார், குறை பல்புல இல்ல. உங்க கண்ணுல இருக்கு" என்றார் மெக்கானிக்.

பெரியவருக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். நீட்டிய கை கொஞ்ச நேரத்தில் தானாகவே மடியில் விழுந்தது. "ஒரு வருஷமா இப்படித்தான். வேலை பாக்குற இடத்துல தெரிஞ்சா வீட்டுல உக்கார வெச்சிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி" என்றார்.

பள்ளி மணி அடித்தது. மழைக்கு முந்தி வீடு சேர, பிள்ளைகள் கும்பலாகத் தெருவைக் கடந்து ஓடினார்கள். அவர்களைக் காட்டி, இந்தக் கூட்டத்துக்குள் இப்படிப்பட்ட கண்ணோடு வண்டியை விடுவீர்களா என்று கேட்டார் மெக்கானிக். அந்தத் தூண் இருந்த இடத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டார். பெரியவர் தெருப்பக்கம் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ, தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி இங்கேயே இருக்கட்டும், இனிமேல் ஓட்ட மாட்டேன் என்று பெரியவர் ஒப்புக்கொண்டபோது மெக்கானிக்குக்கு அப்பாடா என்றிருந்தது. எத்தனை பிள்ளைகள் இன்றைக்குத் தப்பித்தார்களோ. இதைப் போய்ச் சொன்னால் மனைவி ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று நினைத்துக்கொண்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, காலையில் வேலைக்குப் போக டாக்ஸிக்குச் சொல்லட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

பெரியவர் உட்கார்ந்து, சுத்தமான அந்தக் கைகளை மடிமேல் கோத்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி, ஆஸ்பத்திரி காரையே அனுப்பச் சொல்லிக்கிறேன். ஏழு மணிக்குத் தொண்டை ஆபரேஷன் ஒண்ணு இருக்கு, நான்தான் பண்ணணும்."